பிக்கப்பை மண்பாதையில் இறக்குமுன்: முதலில் டயர், அடுத்து காற்று

புதிதாக டொயோட்டா ஹைலக்ஸோ இசுஸு வி-கிராஸோ போன்ற பிக்கப் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி, "இதில் என்னென்ன மாற்றலாம்?" என்பது. கடைக்குப் போனால் பட்டியல் நீளும்: வண்டியை உயர்த்தும் கிட், வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), ஸ்னார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரை மேல் விளக்கு வரிசை, இரும்பு பம்பர். இவற்றில் பலவற்றுக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் எதை முதலில் வாங்குகிறோம் என்பது முக்கியம். வண்டியில் தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், ஃபோர் வீல் டிரைவ் அதை எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும், எல்லாம் அந்த நான்கு ரப்பர் திட்டுகள் வழியாகத்தான் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் இங்கே பாதிக்கு மேல் டயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு சின்னக் கணக்கில் தொடங்கலாம். ஹைலக்ஸ் காலியாக நிற்கும்போது ஏறக்குறைய 2,100 கிலோ. நான்கு டயருக்கும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் மேலும் 525 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். 525ஐ 2.1ஆல் வகுத்தால் 250 சதுர செ.மீ. வருகிறது, பக்கத்துக்கு 16 செ.மீ. உள்ள ஒரு சதுரம், அவ்வளவுதான். டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இந்த எண் சற்று மாறும். ஆனாலும் கணக்கு சொல்லும் விஷயம் தெளிவு: தரையைப் பிடிக்கும் இடம் மிகச் சிறியது, அதைக் கூட்டவும் குறைக்கவும் காற்றுக்கு முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பத் தேவைப்படும்.

டயர் சுவரில் உள்ள எண்கள்

265/60 ஆர்18 110எச் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. 265இல் 60 சதவீதம் 159 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 110 எடைக் குறியீடு: அந்த ஒரு டயர் 1,060 கிலோ வரை தாங்கும். 112 என்றிருந்தால் 1,120 கிலோ. கடைசி எழுத்து வேக வரம்பு. கியூ என்றால் மணிக்கு 160 கி.மீ., எஸ் 180, டி 190, எச் 210.

மண்பாதைக்காரர் இதில் உற்றுப் பார்க்க வேண்டியது சுவரின் உயரம். கல்லில் இடிக்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் உயரம்தான். காற்றைக் குறைத்தால் டயர் எவ்வளவு மலர்ந்து படியும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஷோரூமில் பெரிய ரிம் அழகாகத் தெரியும். கல்பாதையில் ரிம் பெரிதாக ஆக, ரப்பர் குறைகிறது.

இதற்கு எளிதான ஒரு வழி இருக்கிறது. 265/60 ஆர்18 டயரின் முழு விட்டம் 775 மி.மீ. 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் சுவர் 159இலிருந்து 172 மி.மீ. ஆகிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, டயர் எங்கேயும் உரசாது, எஞ்சினுக்குக் கூடுதல் பாரம் இல்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே 13 மி.மீ. ரப்பர் மட்டும் கூடுகிறது. ஹைலக்ஸ் பல நாடுகளில் இதே 17 அங்குல அளவோடு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. வி-கிராஸின் 255/60 ஆர்18க்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு: 255/65 ஆர்17. இரண்டும் 763 மி.மீ. தொடக்கத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் எண்ணம். ரிம் வாங்கும்போது பிரேக் காலிப்பரில் உரசாமல் உட்காருகிறதா, ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் அளவு) கம்பெனி ரிம்மோடு பொருந்துகிறதா, வண்டியின் எடையைத் தாங்கும் தரம் அதில் பொறித்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் பெரிய டயர் போட்டால் வண்டி உயருமே?" உயரும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 265/70 ஆர்17இன் விட்டம் 803 மி.மீ.; அதாவது 27 மி.மீ. கூடுதல். அதில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட உயரமாகக் கிடைக்கும், சுமார் 13 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். படங்களில் கம்பீரமாகத் தெரியும் 285/70 ஆர்17 இன்னும் ஒரு படி மேல்: 831 மி.மீ., ஏறக்குறைய 33 அங்குலம். அதைப் போட்டால் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்மட்காடில் உரசும். ஒவ்வொரு சக்கரமும் பல கிலோ கூடும். கியர் விகிதம் 7 சதவீதம் நீண்டுவிட்டது போல வண்டி மந்தமாகும். பிரேக்குக்கும் வேலை அதிகம். இதையெல்லாம் சரிசெய்ய மேலும் செலவு செய்ய வேண்டிவரும். முதல் செட் டயரிலேயே அந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஹெச்.டி., ஏ.டி., எம்.டி.

கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் ஹெச்.டி. வகை, அதாவது நெடுஞ்சாலை டயர். பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், நெருக்கமாக இருக்கும். தார் ரோட்டில் அமைதி, மழையில் நல்ல பிரேக், நீண்ட ஆயுள். ஈரமண்ணில் பட்டன்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டால் மொட்டை டயர் போல வழுக்கும்.

எம்.டி., அதாவது சேற்று டயர், அதற்கு நேர் எதிர்முனை. பெரிய பெரிய பட்டன்கள், நடுவே அகலமான பள்ளம். சக்கரம் வேகமாகச் சுழலும்போது ஒட்டிய சேற்றை வீசி எறிந்துவிட்டு அடுத்த சுற்றில் புதிதாகக் கடிக்கும். பக்கச்சுவர் கனமானது. ஆனால் பள்ளம் அதிகம் என்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்றுதானே பொருள். நனைந்த தார் ரோட்டில் நிற்க அதிக தூரம் எடுக்கும். ஏற்காடு வளைவுகளில் மழைக்கால இரவில் இறங்கும்போது அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. சத்தமும் உண்டு, தேய்மானமும் சீக்கிரம்.

இரண்டுக்கும் நடுவில் ஏ.டி., அதாவது எல்லாத் தரைக்குமான ஆல்-டெரெய்ன் டயர். பிஎஃப்குட்ரிச் 1976இல் கொண்டுவந்த ரேடியல் ஆல்-டெரெய்ன் டயருக்குப் பிறகு பரவலான வகை இது. இன்று யோகோஹாமா ஜியோலேண்டர், அப்போலோ ஆப்டெர்ரா, சென்னைக் கம்பெனியான எம்ஆர்எஃப்பின் வாண்டரர் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பட்டன்கள் ஓரளவு இடைவெளியோடு இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்கள் இருப்பதால் ஈர ரோட்டிலும் பிடிக்கும். ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் இடையில் ஆர்.டி. (ரக்கட் டெரெய்ன்) என்று ஒன்று சமீப ஆண்டுகளில் வந்திருக்கிறது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், நடத்தையில் ஏ.டி.க்குச் சற்று மேல்.

வார நாள்களில் அலுவலகத்துக்கும், மாதத்தில் ஓரிரு முறை எஸ்டேட் பாதைக்கும் போகிறவர் என்றால் ஏ.டி. போதும். போதும் என்பதைவிட, அதுதான் சரியான டயர். வாழ்நாளில் பெரும்பகுதி தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு எம்.டி. போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நம் ஊர் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் பாதைகளில் உருளைக் கல்லும் நனைந்த செம்மண்ணும் கலந்திருக்கும். கனமான சுவர் உள்ள ஏ.டி. அங்கே நன்றாகவே ஏறும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் வேறு கதை. காய்ந்திருக்கும்போது எந்த டயரும் போகும். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அந்தக் களிமண் டயரில் பந்தாகச் சுற்றிக்கொள்ளும், எம்.டி.யே திணறும். அங்கே சிறந்த உத்தி, வெயில் அடித்துக் காயும்வரை காத்திருப்பது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேடு போன்ற தளர்மணலில் பட்டன் வடிவத்துக்கு மதிப்பே குறைவு, எம்.டி. குழி தோண்டி உட்காரும். மணலில் பேசுவது காற்றழுத்தம்தான்.

அப்புறம் சீமைக்கருவேல முள். பட்டன் பகுதியில் ஏறினால் பஞ்சர் கிட்டை வைத்து நாமே அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் ஏறினால் அதற்கு நம்பகமான ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். முள்காட்டு ஓரம் அடிக்கடி போகிறவர்கள் பட்டன் வடிவத்தைவிடப் பக்கச்சுவரின் பலத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. அளவுக்கு முன்னால் எல்.டி. (லைட் டிரக்) என்று பொறித்த டயர்கள் இந்த வகையில் தடிமன். ஆனால் கனமும் அதிகம், காலி வண்டியில் பயணம் கடினமாகும். அதே எடையைத் தாங்க அவற்றுக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அட்டவணை அப்படியே பொருந்தாது. டயர் கம்பெனியின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, தேதி. சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயர் பட்டன் தேயாமலே இறுகிப்போயிருக்கும். இன்னொன்று, நான்காக வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு விட்டத்தில் இருந்தால் ஃபோர் வீல் போடும்போது முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல முயன்று, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சிரமப்படும். பெரிய டயர் வாங்கினால் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் அது அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

காற்றைக் குறைப்பது

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். 30 பிஎஸ்ஐயை 15 ஆக்கினால் 250 சதுர செ.மீ. ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஒரு ரூபாய் செலவில்லை. டயர் அகலவாக்கில் கொஞ்சமாகத்தான் விரியும். நீளவாக்கில்தான் அதிகம் படியும். அந்த நீளம்தான் மணலில் மிதக்கவும், கல்லின் மேல் ரப்பர் மடிந்து பிடிக்கவும் உதவுகிறது. கல்பாதையில் உடம்பு குலுங்குவதும் பாதியாகும், ஷாக் அப்சர்பரும் பிழைக்கும்.

தொடங்குவதற்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளலாம்: சரளைப் பாதையில் 24 முதல் 26, கல்லும் ஈரச் செம்மண்ணும் கலந்த ஏற்றத்தில் 20 முதல் 22, தளர்மணலில் 15 முதல் 18. பின்னால் சுமை இருந்தால் பின் டயர்களில் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள். 15க்குக் கீழே போனால் திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

காற்று குறைந்த டயரில் வேகம் போகவே கூடாது. சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து சூடாகும். அந்தச் சூட்டில் வெடிக்கவும் செய்யும். மணல் அழுத்தத்தில் மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தார் ரோட்டைத் தொட்டதும் நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும் என்கிறேன். சிகரெட் லைட்டர் குழியில் செருகும் சின்னது பிக்கப் டயருக்குப் போதாது. அந்தக் குழியின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். கூடவே நம்பகமான ஒரு அழுத்தமானி.

சிக்கினால் எடுப்பதற்கு

மற்ற எந்த அப்கிரேடுக்கும் முன்பு இதற்குக் காசு ஒதுக்குங்கள். மண்வெட்டி ஒன்று, சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, இழுகயிறு ஒன்று, அதை மாட்ட தரம் பொறித்த ஷேக்கிள்கள் (திருகாணி போட்டு மூடும் இரும்பு வளையங்கள்). பாதி நேரம் மண்வெட்டியும் பலகையுமே வேலையை முடித்துவிடும்.

கயிற்றில் இரண்டு வகை. நீளாத கயிறு மெதுவாக இழுக்க. நீளும் கயிறு, அதாவது கைனெடிக் அல்லது ஸ்னாட்ச் வகை, முன்வண்டி கொஞ்சம் ஓடிவந்து இழுக்கும்போது ரப்பராக நீண்டு, சேர்த்த விசையால் சிக்கிய வண்டியைப் பிடுங்கும். நீளாத கயிற்றை வைத்து ஓடி இழுத்தால் ஏதாவது ஒன்று முறியும். முறிந்த இரும்பு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டி இழுத்து, அது பிய்ந்து பறந்து ஆட்களைக் கொன்ற சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அதில் ஒருபோதும் கட்டாதீர்கள். வண்டிக்கு அடியில் தெரியும் மெல்லிய வளையங்களிலும் கட்டாதீர்கள். அவை வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டி வைப்பதற்கானவை. சேசிஸில் போல்ட் போட்ட, எடை மதிப்பிட்ட கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனமான போர்வையோ சாக்கோ போட்டு, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நிறுத்துங்கள்.

மற்ற அப்கிரேடுகள், தேவை வரும்போது

அடிப்பாகக் கவசம். எண்ணெய்ச் சட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கல்லில் இடித்தால் பயணம் அங்கேயே முடியும். கல்பாதைக்குப் போகிறவருக்கு இது வீண்செலவே இல்லை.

ஹவுசிங் (அச்சின் கியர்கள் இருக்கும் உறை) மூச்சுவிடும் பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டுவது. யாரும் அதிகம் பேசாத, மலிவான வேலை. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் வெளிறிப் பால் நிறமானால் பேரிங்குக்கு ஆயுள் இல்லை. பிரீதரை எஞ்சின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஸ்னார்க்கலும் தண்ணீருக்கான பாதுகாப்புதான். காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். ஆனால் ஸ்னார்க்கல் மாட்டியதால் கம்பெனி சொன்ன ஆழம் கூடிவிடுவதில்லை. ஹைலக்ஸுக்கு அது 700 மி.மீ.; மின் இணைப்புகளுக்கும் கதவு ரப்பருக்கும் அந்த வரம்பு அப்படியேதான் இருக்கிறது.

டிஃப் லாக், அதாவது டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்த்தொகுதிதான் டிஃபரன்ஷியல்; சாதாரண வகை இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசைதான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதற்குத் தேவையான அற்ப விசைதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நகராது. லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். ஹைலக்ஸில் பின்பக்கம் இது கம்பெனியிலிருந்தே உண்டு. இந்த வண்டிகளின் ஃபோர் வீலையோ டிஃப் லாக்கையோ காய்ந்த தார் ரோட்டில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். பிடி அதிகமுள்ள தரையில் அது முடியாமல் இறுக்கம் முழுவதும் கியர்களில் ஏறும்.

சஸ்பென்ஷனை 40, 50 மி.மீ. உயர்த்துவது பிரபலமான மாற்றம். அதற்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டியில் நிரந்தரமாக எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள்? பின்னால் இருப்பது கமான் பட்டை. 300 கிலோவுக்கான பட்டையைக் காலி வண்டிக்குப் போட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளும், மண் ஏற்றத்தில் சக்கரம் பிடியை விட்டுவிடும். முன்பக்கம் அதிகம் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளின் கோணம் கூடிச் சீக்கிரம் தேயும். ஹெட்லைட்டும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், இறக்கிச் சரிசெய்ய வேண்டும்.

வின்ச் தனியாகப் போகிறவருக்கு. வண்டியின் முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 3 டன் என்றால் 4.5 டன். வின்ச்சும் அதைத் தாங்கும் இரும்பும் சேர்ந்து முன்னச்சுக்கும் முன்னால் எடையைத் தொங்கவிடும். இன்னொரு வண்டியோடு போகிறவருக்குக் கயிறு போதும்.

சட்டமும் இடமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி பதிவுசெய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ என்று இருக்கிறது. முன்பக்க இரும்புக் கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவர்மீது மோதினால் அவருக்கு ஏற்படும் காயம் மோசம் என்பது ஒரு காரணம். கம்பெனியே அந்த வண்டிக்குக் கொடுக்கும் டயர் அளவுக்குள் நிற்பதும், கழற்றி எடுக்கக்கூடிய சாமான்களில் காசு போடுவதும் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும். விபத்தில் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் இருக்கும்.

காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். தேரியிலும் காப்புக்காடு இருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்: ஜனவரி தொடங்கி ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் நம் கரைகளில் முட்டையிடுகின்றன, ஒரு டயர்த் தடம் ஒரு கூட்டையே நசுக்கிவிடும்.

கடைசியாக, டயர் மாற்றிய பிறகு. முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். ஸ்பானர்மேல் ஏறி மிதிப்பது நட்டு ஏறும் ஸ்டட்டை (திருகுக் கம்பியை) நீட்டிவிடும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றுங்கள். மண்பாதைக்குப் போய் வந்த மறுநாள் பட்டன்களுக்கு நடுவே சிக்கிய கற்களை எடுத்துவிட்டு, உட்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டுகள் பெரும்பாலும் வெளியே தெரியாத அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.